கடையில் வாங்கிய பஃப் பேஸ்ட்ரியில் அடுக்கு இனிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொறுமொறுப்பான மூன்று மாவு அடுக்குகள், நடுவே இரண்டு அடுக்கு கிரீம். பிரெஞ்சு மொழியில் இந்த இனிப்பை மில்ஃபொய் என்பார்கள். ஆயிரம் இலைகள் என்று அதற்குப் பொருள். வேறு பல இடங்களில் நெப்போலியன் என்று அழைக்கிறார்கள். மாவைத் தொடக்கத்திலிருந்து செய்தால் ஒரு நாள் முழுவதும் ஓடிவிடும். கொழுப்பை நடுவே வைத்துப் பலமுறை மடித்துத் தேய்த்த மாவுத் தகடுதான் பஃப் பேஸ்ட்ரி ஷீட். அதை உறைய வைத்து விற்பதை வாங்கினால் அடுப்படியில் ஒன்றரை மணி நேர வேலைதான். முதன்முறை செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், செய்து செய்து நான் கற்றுக்கொண்ட பதில்களையும் இங்கே தந்திருக்கிறேன்.

என்னென்ன வாங்க வேண்டும்? எவ்வளவு?

எட்டுத் துண்டுகளுக்கான கணக்கு இது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் சதுரமான பஃப் பேஸ்ட்ரி ஷீட் இரண்டு. பால் 500 மில்லி. வெனிலா மணமுள்ள கஸ்டர்ட் பவுடர் 50 கிராம், அதாவது தலைதட்டிய மேசைக்கரண்டியில் ஐந்து. சர்க்கரை 80 கிராம். அடித்தால் நுரைத்துக் கெட்டியாகும் விப்பிங் கிரீம் 200 மில்லி. மேலே தூவ ஐசிங் சுகர் கொஞ்சம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத கஸ்டர்டில் இனிப்பு மட்டுமே தெரியும், பாலின் சுவை தெரியாது.

கருவிகள் என்று பார்த்தால் ஒரே அளவுள்ள இரண்டு பேக்கிங் தட்டுகள், பேக்கிங் காகிதம், முள்கரண்டி, ரொட்டி வெட்டும் பல் கத்தி. இவை போதும்.

கடை ஷீட்டைப் பயன்படுத்தினால் அது நாமே செய்ததாகுமா?

ஆகும். இந்த இனிப்பில் சமைப்பவரின் கைத்திறன் வெளிப்படும் இடம் மாவு மடிப்பது மட்டுமல்ல. சுடும் பதம், கிரீமின் பதம், அடுக்கும் நேரம் ஆகிய மூன்றையும் எந்தப் பொட்டலமும் நமக்காகச் செய்து தராது. அருமையான மாவை வீட்டிலேயே பாடுபட்டு மடித்துவிட்டு, வெளுத்த நிறத்தில் ஓவனிலிருந்து எடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். சாதாரண ஷீட்டை வாங்கி, நன்றாகச் சிவக்கச் சுட்டு, விருந்தினர் வந்த பிறகு அடுக்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவரின் தட்டுதான் முதலில் காலியாகிறது.

வாங்கும்போது பொட்டலத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். கொழுப்பு என்ற இடத்தில் வெண்ணெய் இருக்கிறதா, தாவரக் கொழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும். நம் உடலின் வெப்பம் 37 டிகிரி. அதனால் வெண்ணெய் ஷீட் வாயில் போட்டதும் கரைகிறது. தாவரக் கொழுப்புகளில் சில இதைவிட அதிக வெப்பத்தில்தான் உருகும். தின்று முடித்த பின்னும் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போன்ற உணர்வு தங்கிவிடுவது இதனால்தான். ஆனால் அந்த ஷீட்டுக்கும் ஒரு நன்மை உண்டு. வெப்பமான சமையலறையில் அது சட்டென்று இளகாது, கையாள எளிது. வெண்ணெய் ஷீட் கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்பதுதான் என் பரிந்துரை.

பொட்டலத்தைத் தடவிப் பார்ப்பதும் நல்லது. உள்ளே பனிக்கட்டிப் படிகங்கள் நெருடினாலோ, ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி வளைந்திருந்தாலோ, அது வழியில் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்திருக்கலாம். வேறொன்றை எடுங்கள்.

உறைந்த ஷீட்டை எப்படி இளக வைப்பது?

முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். இதைவிடச் சிறந்த வழி இல்லை. அவசரம் என்றால் வெளியே 30 முதல் 40 நிமிடம் வைக்கலாம். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம். ஓரம் உருகி ஓடும்போது நடுப்பகுதி கல்லாகவே இருக்கும்.

மடிப்பைப் பிரிக்கும்போது விரிசல் விட்டால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். மாறாக, தொட்டால் பிசுபிசுத்துக் கையில் ஒட்டினால் அதிகம் இளகிவிட்டது என்று பொருள். அப்போது மாவு தூவிச் சமாளிக்க நினைக்காமல், தட்டோடு 15 நிமிடம் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். ஓவனுக்குள் போகும் நொடிவரை ஷீட் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

இத்தனை குளிர்ச்சி எதற்கு?

ஷீட் உப்புவதற்கு ஈஸ்ட்டோ பேக்கிங் பவுடரோ காரணம் இல்லை. நீராவிதான் காரணம். மாவுக்கு நடுவே வெண்ணெயை வைத்து மூன்றாக மடித்துத் தேய்ப்பார்கள். அதையே ஆறு முறை செய்தால் வெண்ணெய் அடுக்குகள் 3, 9, 27 என்று பெருகி 729-இல் போய் நிற்கும். ஓவனின் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். அந்த ஆவிதான் ஒவ்வொரு மாவு ஏட்டையும் அடுத்ததிலிருந்து தள்ளிப் பிரிக்கிறது. இடையில் இருக்கும் கொழுப்பு, ஏடுகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. வெண்ணெய் ஓவனுக்குப் போகும் முன்பே உருகினால் அது மாவுக்குள் ஊறிவிடும். பிரிக்க வேண்டிய சுவர் போய்விடும். அப்படிப்பட்ட ஷீட்டை எவ்வளவு நேரம் சுட்டாலும் தடித்த பிஸ்கட் போலத்தான் வரும்.

சுடும்போது மேலே இன்னொரு தட்டை வைக்கச் சொல்கிறார்களே? அழுத்தினால் உப்பாதே?

நியாயமான கேள்வி. உப்பத்தான் பஃப் பேஸ்ட்ரியை வாங்குகிறோம், பிறகு ஏன் அதை அமுக்க வேண்டும்?

தன் போக்கில் உப்பவிட்ட ஷீட் ஐந்து சென்டிமீட்டர்கூட உயரும். ஆனால் ஓர் இடத்தில் மலை, ஓர் இடத்தில் பள்ளம். உள்ளே பெரிய வெற்றிடங்கள். அதன்மேல் கிரீம் வைத்துக் கத்தியை இறக்கினால் வெற்றிடம் நொறுங்கி, கிரீம் நான்கு பக்கமும் பிதுங்கும். மேலே தட்டு இருந்தாலும் நீராவி தன் வேலையைச் செய்கிறது, ஏடுகள் பிரிகின்றன. தூரமாக விலகாமல் நெருக்கமாக நிற்கின்றன. ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குள் நூற்றுக்கணக்கான ஏடுகள் அடங்கிய, சமமான, உறுதியான பலகை கிடைக்கிறது. கடிக்கும்போது கேட்கும் அந்த ஓசை இந்த நெருக்கத்திலிருந்து வருவது.

செய்முறை இதுதான். ஓவனை 200 டிகிரி செல்சியசில் நன்றாகச் சூடாக்குங்கள். விசிறியுள்ள ஓவனுக்கு 180 முதல் 190 போதும். தட்டில் காகிதம் விரித்து ஷீட்டை வையுங்கள். முள்கரண்டியால் விரலகலத்துக்கு ஒரு குத்து என்று முழுவதும் குத்துங்கள். அதன்மேல் இன்னொரு காகிதம், அதன்மேல் இரண்டாவது தட்டு. 20 முதல் 25 நிமிடம் இப்படியே சுடுங்கள். பிறகு மேல் தட்டையும் காகிதத்தையும் எடுத்துவிட்டு மேலும் 8 முதல் 12 நிமிடம். தட்டு மிகவும் லேசானதாக இருந்து ஷீட் அதைத் தூக்கிவிட்டால், ஓவனில் வைக்கத்தக்க ஒரு கனமான பாத்திரத்தைத் தட்டின்மேல் வையுங்கள்.

எந்த நிறத்தில் எடுக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பொன்னிறம் போதாது.

சமையல் குறிப்புகள் எல்லாம் பொன்னிறமாகச் சுடவும் என்றே முடிகின்றன. அந்தச் சொல்லை நம்பி, மேற்பரப்பு மஞ்சளாக மின்னியதும் எடுத்துவிடுகிறோம். அந்த நேரத்தில் மேலே உள்ள பத்து இருபது ஏடுகள் மட்டுமே காய்ந்திருக்கும். நடுவில் இருப்பவை இன்னும் ஈரமாக, வெளுத்த மாவாக இருக்கும். ஓவனிலிருந்து எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அந்த ஈரம் மேலே ஏறி, மொறுமொறுப்பாக இருந்த மேற்பரப்பையும் தொய்ய வைத்துவிடும். கிரீம் வைப்பதற்கு முன்பே ஷீட் தளர்ந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். பழியை கிரீமின்மேல் போட்டுவிடுகிறோம்.

தேன் நிறத்தைத் தாண்டி, வறுத்த பாதாம் தோலின் பழுப்பு வரும்வரை விடுங்கள். ஓரம் மட்டும் அல்ல, நடுவிலும், அடிப்பக்கத்திலும் அந்த நிறம் வர வேண்டும். ஒரு மூலையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். அடி வெளுத்திருந்தால் ஓவனின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இன்னும் ஐந்து நிமிடம். சரியாகச் சுட்ட ஷீட் கையில் எடுத்தால் வியப்பாக இருக்கும் அளவுக்கு எடை குறைந்திருக்கும். நீர் வெளியேறிவிட்டதற்கு அதுவே சாட்சி. மணமும் மாறியிருக்கும். பச்சை மாவு வாசனை போய், பழுக்கக் காய்ச்சிய வெண்ணெயின் மணம் வரும்.

கருகிவிடுமோ என்ற பயம் இயல்புதான். பழுப்புக்கும் கருப்புக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிட இடைவெளி இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் ஓவனை விட்டு நகராமல் நின்றால் அது போதுமான அவகாசம்.

மேலே மின்னும் சர்க்கரைப் பூச்சு எப்படி வருகிறது?

சுட்டு முடித்த ஷீட்டின்மேல் ஐசிங் சுகரைச் சல்லடையால் மெல்லிய படலமாகத் தூவி, 220 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வையுங்கள். சர்க்கரை உருகிக் கண்ணாடி போல் படியும். அழகு மட்டும் இதன் பயன் அல்ல. கிரீமின் ஈரம் மாவுக்குள் இறங்காமல் தடுக்கும் சுவராகவும் அது நிற்கிறது. இன்னும் கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால், கிரீம் படும் பக்கத்தில் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை மெல்லியதாகத் தடவி உறைய விடலாம்.

கஸ்டர்ட் கட்டி தட்டுகிறது. சில நாள் நீர்த்தும் போகிறது. ஏன்?

கட்டி தட்டுவது பவுடரைச் சூடான பாலில் நேரடியாகக் கொட்டுவதால். கஸ்டர்ட் பவுடரில் பெரும்பகுதி சோள மாவுதான் (மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் கார்ன்ஃபிளார்). சூடான பாலில் விழுந்த மாவுத் துகளின் வெளிப்புறம் உடனே வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு சிறைப்பட்டுவிடும். அதனால் 500 மில்லியில் 100 மில்லி பாலைக் குளிர்ச்சியாகவே தனியே எடுத்து, அதில் பவுடரை மையாகக் கரைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாலைச் சர்க்கரையும் உப்பும் சேர்த்துக் கொதி வரும்வரை காய்ச்சி, அடுப்பைக் குறைத்து, கரைசலை ஊற்றிக்கொண்டே விடாமல் கிளறுங்கள்.

நீர்த்துப்போவதற்குக் காரணம் வேறு. கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிடுகிறோம். சோள மாவு முழுவதும் வேக, கலவை கொதிநிலையைத் தொட வேண்டும். நடுவில் பெரிய குமிழிகள் மெதுவாக வெடிக்கும். அதன் பிறகும் ஒரு நிமிடம் முழுதாகக் கிளறுங்கள். பச்சை மாவின் சுவையும் அப்போதுதான் போகும்.

பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவைப் பின்பற்றியும் நீர்த்திருந்தால், அந்த அளவு பெரும்பாலும் கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிடும் கஸ்டர்டுக்கானது. அடுக்குகளைத் தாங்கி நிற்க ஏறத்தாழ இரண்டு மடங்கு பவுடர் தேவை. மேலே கொடுத்த 50 கிராம் அதைக் கருதித்தான்.

ஆறும்போது ஆடை படியாமல் இருக்க, பிளாஸ்டிக் உறையைக் கஸ்டர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும்படி போர்த்துங்கள். ஃபிரிட்ஜில் குறைந்தது இரண்டு மணி நேரம்.

குளிர்ந்த கஸ்டர்ட் ஜெல்லி போல இறுகிவிட்டதே?

இறுகத்தான் வேண்டும். விஸ்க் (அடிக்கும் கம்பி) கொண்டு அரை நிமிடம் வேகமாக அடியுங்கள், மீண்டும் வழவழப்பாகிவிடும். அதன் பிறகு தனியே அடித்து வைத்த விப்பிங் கிரீமை மூன்று தடவையாகச் சேர்த்து, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்குங்கள். கனமான கஸ்டர்ட் பஞ்சு போல் லேசாகும்.

விப்பிங் கிரீம், பாத்திரம், அடிக்கும் கம்பி மூன்றுமே ஃபிரிட்ஜில் இருந்து நேராக வர வேண்டும். பால் கிரீம் என்றால் கொழுப்பு 30 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதை வாங்குங்கள். அதற்குக் குறைந்தால் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. கம்பியைத் தூக்கினால் முனை நிமிர்ந்து நிற்கும் பதத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று தொடர்ந்தால் திரிந்து வெண்ணெயாகும்.

வெட்டும்போது எல்லாம் நசுங்கிவிடுகிறது. என்ன செய்வது?

அடுக்கிய பிறகு வெட்டாதீர்கள். முதலில் வெட்டி, பிறகு அடுக்குங்கள். இந்த வரிசை மாற்றம் முக்கால்வாசிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

சுட்ட ஷீட் முழுவதும் ஆறியதும் பல் கத்தியால், அழுத்தாமல், ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னுமாக அறுங்கள். ஒவ்வொரு ஷீட்டையும் மூன்று பட்டைகளாகவும், ஒவ்வொரு பட்டையையும் நான்காகவும் அறுத்தால் ஒரு ஷீட்டுக்கு 12, இரண்டுக்கும் சேர்த்து 24 செவ்வகங்கள். மூன்று மூன்றாக எட்டு இனிப்புகள். மிக அழகாக வந்த எட்டுத் துண்டுகளை மேல் அடுக்குக்கு ஒதுக்கி வையுங்கள். உடைந்தவை நடுவில் போகட்டும், யார் கண்ணிலும் படாது.

கிரீமை நட்சத்திர முனையுள்ள பையில் நிரப்பி, சிறு சிறு குமிழ்களாக வரிசையாகப் பிழியுங்கள். பை இல்லையென்றால் தடித்த பிளாஸ்டிக் பையின் ஒரு மூலையைக் கத்தரித்துக்கொள்ளலாம். தடவுவதைவிடப் பிழிவது நல்லது. தடவும்போது கை கொடுக்கும் அழுத்தத்தில் கீழ் ஏடுகள் நொறுங்குகின்றன.

எவ்வளவு முன்னதாக அடுக்கி வைக்கலாம்?

பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சரியாக இருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் வரை தாங்கும், அதுவும் சர்க்கரைப் பூச்சு இருந்தால். மறுநாளைக்கு என்று அடுக்கி வைத்தால் சுவை இருக்கும், ஓசை இருக்காது. இந்த இனிப்பை நாம் செய்வதே அந்த ஓசைக்காக.

முன்னதாகவே வேலையை முடிக்க விரும்புபவர்களுக்கு வழி இருக்கிறது. முந்தைய நாள் கஸ்டர்டைக் காய்ச்சி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஷீட்டையும் சுட்டு, முழுவதும் ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் இழுக்கும். மறுநாள் ஷீட்டை 160 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி, ஆறவிட்டு, கிரீமை அடித்து அடுக்கினால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

பழங்கள் வைக்கலாமா?

வைக்கலாம். ஸ்ட்ராபெர்ரி, மாம்பழம், வாழை எல்லாம் பொருந்தும். நறுக்கிய பழத்தைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு, மாவின்மேல் படாமல் கிரீமுக்குள் புதைத்து வையுங்கள். பச்சை அன்னாசியும் கிவியும் மட்டும் வேண்டாம். அவற்றில் உள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பேற்றும். டப்பாவில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டிருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை, சாற்றை மட்டும் நன்றாக வடித்துவிடுங்கள்.

முட்டை சேர்க்காதவர்கள் சாப்பிடலாமா?

மேலே சொன்ன முறையில் முட்டை எங்குமே இல்லை. கஸ்டர்ட் பவுடர் பிறந்த கதையும் அதுதான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1837-இல் அதை உருவாக்கினார். அவருடைய மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. ஆனால் கஸ்டர்ட் பிடிக்கும். மனைவிக்காகச் சோள மாவில் அவர் செய்த கலவைதான் இன்று உலகெங்கும் அலமாரிகளில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சமையல் வரலாறு இது. ஷீட்டின் உள்ளடக்கத்தை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பாலும் வேண்டாம் என்றால் தாவரக் கொழுப்பு ஷீட்டையும், பால் சேராத விப்பிங் கிரீமையும், பாலுக்குப் பதில் தேங்காய்ப்பாலையும் பயன்படுத்தலாம். கஸ்டர்ட் நன்றாகவே கெட்டியாகும்.

ஓவன் இல்லை, ஏர் ஃப்ரையர் இருக்கிறது. முடியுமா?

முடியும். ஷீட்டைக் கூடைக்கு ஏற்பச் செவ்வகங்களாகப் பச்சையாகவே வெட்டி, குத்தி, 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். உள்ளே சுழலும் காற்று லேசான மாவைத் தூக்கி மேல் கம்பியில் ஒட்டிவிடும் என்பதால், முதல் எட்டு நிமிடம் அதன்மேல் ஒரு சிறு கம்பி வலையை வையுங்கள். நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.

பஃப் பேஸ்ட்ரிக்குப் பதில் ஃபைலோ ஷீட்?

இரண்டும் வேறு. ஃபைலோ காகிதம் போன்ற வெறும் மாவு. அடுக்கையும் கொழுப்பையும் நாம்தான் சேர்க்க வேண்டும். உருக்கிய வெண்ணெயைத் தடவி, சர்க்கரை தூவி, நான்கு ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, செவ்வகங்களாக வெட்டி, 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் சுட்டால் மெல்லிய, கண்ணாடி போல் உடையும் அடுக்கு கிடைக்கும். பிரித்த ஷீட் சில நிமிடங்களில் காய்ந்து பொடியும், ஈரத்துணியால் மூடியே வைத்திருங்கள்.

மீந்துபோனதை எத்தனை நாள் வைக்கலாம்?

கஸ்டர்டும் கிரீமும் இருப்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஃபிரிட்ஜில் இரண்டு நாள். இளகிய பச்சை ஷீட்டை மீண்டும் உறைய வைக்காதீர்கள், அடுக்குகள் கெட்டுவிடும்.

ஷீட்டை ஓரம் சீராக வெட்டும்போது விழும் பச்சைத் துண்டுகளை என்ன செய்வது?

பிசைந்து உருட்டிவிட்டால் 729 அடுக்கும் ஒரே உருண்டையாகிவிடும். துண்டுகளைக் கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, லேசாகத் தேய்த்து, விரல் அகலப் பட்டைகளாக வெட்டி முறுக்குங்கள். சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவி, முதல் தட்டோடு சேர்த்தே ஓவனில் வைத்துவிடுங்கள். 15 நிமிடத்தில் தயாராகிவிடும். கஸ்டர்ட் ஆறும்வரை காத்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் அதைத் தின்று தீர்த்துவிடுவார்கள்.